சாம்பல் குள்ளியின் ஒன்பது முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த முட்டைகளைத் தின்றது நான்தான். என் வீட்டுக்காரரும் தின்றார். ஆனால் அவர் மேல் பழி போட மாட்டேன். தட்டில் எதை வைத்தாலும் குனிந்த தலை நிமிராமல் தின்கிற மனுஷன் அவர். வைத்தது நான்.

நான் பொத்தான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். இருபத்தாறு வருஷமாக அதே மேசை, அதே குழல் விளக்கு. பெல்ட்டில் பொத்தான்கள் வந்துகொண்டே இருக்கும். துளை கோணல், ஓரத்தில் பிசிறு, நிறத்தில் மங்கல், எது கண்ணில் பட்டாலும் விரல் தானாகச் சுண்டிவிடும், பொத்தான் வாளிக்குள் விழும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குறை தேடுகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். குள்ளக்கோழி வளர்ப்போர் சங்கத்தில் எனக்கு இன்னும் சுருக்கமான பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. அதை எனக்குத் தெரியாமல் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மொட்டை மாடியில் எங்களுக்குக் கோழிக்கூண்டுகள் இருந்தன. எங்களுக்கு என்றால் எனக்கும் என் தம்பிக்கும். அவன் மாடி அறையில் இருக்கிறான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நகராட்சித் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்க்கிற வேலை. கூண்டு முழுக்க அவன் கைவேலை. பலகை அறுத்தது, கம்பிவலை இழுத்துக் கட்டியது, முட்டையிடும் பெட்டிக்கு மூடி போட்டது எல்லாம் அவன்தான். எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு, எந்தக் குஞ்சுக்குச் சங்கத்து எண் போட்ட கால் வளையம், எது விற்பனைக்கு என்பதெல்லாம் நான். வேலை அவனுக்கு, வாய் எனக்கு. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சாம்பல் குள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் உட்கார வைக்கலாம், அவ்வளவுதான். அரைக்கிலோவைத் தாண்டினால் அது சாம்பல் குள்ளி இல்லை. கழுத்திலிருந்து வால் நுனி வரை ஒரே சாம்பல், ஆறிப்போன அடுப்புச் சாம்பல் நிறம். கால் சிலேட்டு நிறம், காதுமடல் வெள்ளை. கழுத்து இறகில் பழுப்பாக ஒரே ஒரு இழை ஓடினாலும் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். முன்பு ஏழெட்டு வீட்டில் வைத்திருந்தோம். ஒருவர் வீடு மாறினார், ஒருவருக்குச் சலித்துவிட்டது, இன்னொருவர் வீட்டில் நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் போயிற்று. கடைசியில் சங்கத்தில் மிஞ்சியது எங்கள் கூண்டு மட்டும்தான். அதிலும் முட்டையிடக்கூடியது ஒரே ஒரு பெட்டை. ஒன்பது வயது. அவளைப் பெரியவள் என்று கூப்பிடுவோம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. கண்காட்சியில் மூன்று வருஷம் தொடர்ந்து அந்தந்த வருஷம் பொரிந்த ஒரு ஜோடியாவது, அதாவது ஒரு சேவலும் ஒரு பெட்டையும், நிறுத்தப்படாவிட்டால் அந்த இனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் யார் கொண்டுவந்தாலும் 'கலப்பு' என்ற வரிசையில் ஒரு ஓரமாக நிற்க வேண்டியதுதான். அந்த விதிக்காகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு வருஷம் சாம்பல் குள்ளிக் குஞ்சு யாரிடமும் பொரியவில்லை. பெரியவள் இட்டதே கொஞ்சம், அதிலும் எங்கள் சேவலுக்கு வயதாகி முட்டையெல்லாம் கூமுட்டை. இது மூன்றாவது வருஷம். அந்த வெயிலில் கிழட்டுச் சேவலும் செத்துப்போனது.

நான் யார் யாருக்கோ போன் செய்து அலசினேன். கடைசியில் ஒரு தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பஸ்ஸில் எட்டு மணி நேரத் தொலைவில் இருந்தார். அவரிடம் அப்பழுக்கில்லாத சாம்பல் சேவல் ஒன்று. பெட்டைகளைக் கீரி கொண்டுபோய்விட்டதாம். அவரிடம் பெட்டை இல்லை, என்னிடம் சேவல் இல்லை. இதை விட்டால் வேறு வழியே கிடையாது. "வந்து எடுத்துட்டுப் போம்மா, ரெண்டு மாசம் வச்சிரு," என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம். கூடையோடு நேராக மாடிக்குத்தான் போனேன். பெரியவளின் கூண்டில் அவளோடு இன்னொரு வால் ஆடியது.

"உள்ள யாருடா அது?"

தம்பி தீவன டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, நீ போன அன்னிக்கே அவ பொட்டிய சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சிட்டா. எட்டு மாசம் கழிச்சு இடப்போறா. நீ வர எத்தனை நாளாகுமோ, சேவல் கிடைக்குமோ கிடைக்காதோன்னு..."

"நான் அதையா கேட்டேன்? உள்ள யாரு?"

"பழுப்பன்."

பழுப்பன் அவனுடைய செல்லச் சேவல். பெரியவளுக்கு ஒருவகையில் சொந்தம்தான், ஆனால் எங்கேயோ கலப்பு விழுந்து கழுத்தெல்லாம் பழுப்பு. தம்பி விசிலடித்தால் ஓடிவந்து சைக்கிள் கைப்பிடியில் ஏறி உட்காரும். பெட்டைகள் பக்கம் விடவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அதை வைத்துக்கொள்ளவே நான் சம்மதித்திருந்தேன்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. எட்டு மணி நேரம் கூடையை மடியிலேயே வைத்து வந்த அலுப்பும் சேர்ந்துகொண்டது. அறிவுகெட்டவன் என்றேன். கூமுட்டை என்றேன். "உன்கிட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒப்படைச்சிட்டுப் போக முடியுதா? தொட்டதெல்லாம் வெளங்காது உனக்கு!" என்று கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் பழுப்பனை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான். அவனுக்கு வயது ஐம்பத்தைந்து.

தபால்காரரின் சேவலைப் பெரியவளோடு விட்டேன். மறுநாள் காலையில் முதல் முட்டை. கிழட்டுக் கோழியின் முட்டை கொஞ்சம் நீளமாக, ஓடு சொரசொரப்பாக, ஒரு முனையில் மெலிந்து இருக்கும். பென்சிலை அழுத்தினால்கூட உடைந்துவிடும். மெதுவாகத் தேதி எழுதினேன். எழுதிவிட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

காரணம் இதுதான். சேவலை மாற்றினால் பழைய சேவலின் வித்து பெட்டையின் உடம்பில் மூன்று வாரம் வரை தங்கும். அதுவரை இடுகிற முட்டை யாருடையது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆகவே மூன்று வாரத்து முட்டையை அடை வைக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. பொரித்துப் பார்த்துக் கழிக்கலாமே என்பார்கள். கழுத்து நிறம் முழுசாகத் தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் குஞ்சு கைக்குப் பழகிவிடும், தம்பி அதற்குப் பெயர் வைத்துவிடுவான், அப்புறம் எங்கே கழிப்பது? பூதக்கண்ணாடி வீட்டு வளையத்தோடு ஒரு பழுப்புக் கழுத்து மேடை ஏறினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பெரியவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இட்டாள். அந்த வயதில் அது அதிசயம். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொரித்துப் போட்டேன். இந்தப் பொரியல் வாணலியில்.

"ரொம்பச் சின்னதா இருக்கே, ரெண்டாப் போடேன்," என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு இருந்தா போட மாட்டேனா? பேசாம சாப்பிடுங்க."

ஐந்தாவது முட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது தம்பி எதிரே வந்து நின்றான். அந்தச் சண்டைக்கப்புறம் அவனாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அதை அடை வச்சிடலாமே."

"இன்னும் மூணு வாரம் ஆகல."

"அவளுக்கு ஒன்பது வயசுக்கா. இன்னிக்கு இடறா, சரி. நாளைக்கும் இடுவான்னு என்ன நிச்சயம்?"

"மூணு வாரம்னா மூணு வாரம்தான்."

"பழுப்பனோடதாவே இருக்கட்டும். அதனால என்ன கெட்டுப்போச்சு? நாலு தலைமுறை பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தா பழுப்பு போயிடும். எதுவுமே இல்லாமப் போயிட்டா அப்புறம் என்னத்தைப் பொறுக்குறது?"

"கலப்படத்தை வச்சிக்கிறதைவிட எதுவும் இல்லாமப் போறதே மேல்," என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், படியில் நின்றுகொண்டு, கையில் சூடு ஆறாத முட்டையை வைத்துக்கொண்டு சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான். அவன் விலகி வழி விட்டான். நான் இறங்கிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நடுவில் இரண்டு தடவை அவள் இடவில்லை என்று தம்பி சொன்னான். இருபத்தொரு நாளில் ஒன்பது முட்டை என் கைக்கு வந்தது. ஒன்பதையும் தின்று தீர்த்தோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் புலம்புவார்கள். எனக்கு வாய்க்கும் எட்டியது. அதுதான் கேடு.

இருபத்திரண்டாம் நாளுக்காக இன்குபேட்டரைத் துடைத்துத் தயாராக வைத்தேன். சூடு சரியாக நிற்கிறதா என்று இரண்டு வெப்பமானி வைத்துப் பார்த்தேன், தண்ணீர்த் தட்டை நிரப்பினேன், பென்சில் சீவினேன். அன்றைக்குப் பெட்டி காலி. சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே என்று இருந்தேன். மறுநாளும் காலி. அதற்கு அடுத்த நாளும் காலி.

வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பெட்டி மூடியைத் திறந்து பார்ப்பேன். கிளிஞ்சல் பொடி வைத்தேன், முளைகட்டிய தானியம் வைத்தேன், சாயந்தரம் இரண்டு மணி நேரம் கூடுதலாக விளக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவள் தின்றாள், வெயிலில் புரண்டாள், என்னை ஒரு கண்ணால் பார்த்தாள். பத்தாவது நாள் அவளைத் தூக்கிப் பின்பக்கத்து இரண்டு எலும்புக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தேன். முட்டையிடுகிற கோழிக்கு அங்கே இரண்டு விரல் நுழைகிற இடம் இருக்கும். இவளுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. மூடிக்கொண்டுவிட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் இன்குபேட்டரை நிறுத்த மனசு வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது நாள் தம்பிதான் வந்து சுவிட்சை அணைத்தான். "கரண்ட் வீணாகுதுக்கா," என்றான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

தபால்காரரின் சேவலை அவனே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். குளிர் தொடங்கியபோது பெரியவள் இறகு உதிர்த்தாள். வயதான உடம்பு, புது இறகு முளைக்கத் தெம்பில்லை. ஒரு காலையில் கூண்டின் மூலையில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள். தூக்கினால் ஒன்றுமே தூக்காத மாதிரி இருந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தம்பி சுவரோரம் குழி வெட்டினான்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் கேவலம். அடுத்த சங்கக் கூட்டத்தில், சாம்பல் குள்ளி என்ன ஆச்சு என்று யாரோ கேட்டதும் எழுந்து நின்று, "என் தம்பி பண்ணின கூத்துல போச்சு. நான் இல்லாத நேரத்துல கலப்புச் சேவலை உள்ள விட்டுட்டான்," என்றேன். அவன் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். எனக்காக வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

கண்காட்சி நாள் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நீள நீளமாக மேசை போட்டு, மேலே கூண்டுகள், ஒவ்வொன்றிலும் மரச்சீவல் பரப்பியிருந்தார்கள். ஒருவர் கோழியின் கொண்டையில் பஞ்சால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், இன்னொருவர் குளிப்பாட்டிய கோழிக்கு முடி உலர்த்தும் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவர் வருவதற்கு முன் கூண்டு கூண்டாகப் போய் வளையமும் குறையும் பார்க்கிற வேலை வழக்கம்போல எனக்கு. நடுவர் வெளியூர்க்காரர். எனக்குக் கையில் அட்டை, காதில் பென்சில்.

அரிய இனங்களின் வரிசைக் கடைசியில் காலியாக ஒரு கூண்டு இருக்கும், 'பதிவு இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அங்கே இரண்டு கூண்டு. இரண்டிலும் இரண்டு சேவல். சாம்பல் குள்ளி.

தபால்காரர் தன்னுடையதைக் கொண்டுவந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். ஆனால் இவை இளசு, குதிமுள் இன்னும் மொட்டாகத்தான் இருந்தது. ஒன்றை வெளியே எடுத்தேன். திமிரவில்லை, கைப்பழக்கம் உள்ள சேவல். கால் வளையத்தில் இந்த வருஷத்து எண். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு எண்.

என் கை தானாக வேலையைத் தொடங்கியது. கழுத்து இறகை ஒவ்வொன்றாக விரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்பு ஒரு இழை இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒன்றாவது இருக்காதா என்றுதான் தேடினேன். இருந்திருந்தால் நான் செய்தது சரியென்று ஆகியிருக்கும். இரண்டாவது சேவலையும் எடுத்து அதேபோலப் பார்த்தேன். சுத்தம். இரண்டுக்கும் இடது காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அப்பனை உரிச்சு வச்சிருக்குல்ல?" என்று பின்னால் குரல். தபால்காரர். "என்கிட்ட இருக்கிறதுக்கும் அதே கால்ல அதே நகம் வெள்ளை. பழுப்பன் கால்ல இப்படி உண்டா?"

"இல்ல," என்றேன். "ஆனா மூணு வாரம்..."

"அது அந்தக் காலத்து ஜாக்கிரதைம்மா. புதுச் சேவல் சேர்ந்துட்டா பெரும்பாலும் அதோடதுதான் முந்தும். பத்து நாள் தாண்டிட்டா நான் யோசிக்கிறதே இல்ல. உன் தம்பி போன் பண்ணிக் கேட்டப்போ இதைத்தான் சொன்னேன். அக்காகிட்ட நான் வேணா பேசட்டுமான்னு கேட்டேன். ஐயோ வேணவே வேணாம்னுட்டான்." சிரித்தார். "நீ கேட்டிருந்தா உனக்கும் சொல்லியிருப்பேனே."

நான் ஏன் கேட்கவில்லை? எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். நான் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காபி குடித்தேன், சேவலைக் கூடையில் போட்டுக் கட்டினேன், அவரிடம் எத்தனையோ பேசினேன். இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

தம்பி கையில் தண்ணீர்க் கிண்ணங்களோடு வந்தான். நான் அங்கே நிற்பதைப் பார்த்ததும் நடை தயங்கியது. தபால்காரர் மெல்ல நழுவினார்.

"எங்கடா வச்சிருந்த?"

"மோட்டார் ரூம்ல. வாட்ச்மேன் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்துச்சு. பதினோராம் நாள் முட்டை ஒண்ணு, பதிமூணாம் நாள் ஒண்ணு, ரெண்டையும் அதுக்கு அடியில வச்சேன். இருபதாம் நாளே கொத்திட்டு வெளிய வந்துட்டாங்க." சொல்லும்போது அவனையும் மீறி முகம் மலர்ந்தது. "மோட்டார் சூட்டுக்கு ரெண்டும் நல்லா வளர்ந்துச்சுக்கா."

"வளையம்?"

"செயலாளர்தான் கொடுத்தார்."

அப்படியானால் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்து நின்று அவனைக் குற்றம் சொன்ன அன்றைக்கும் தெரியும். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

நடுவர் வந்தார். சேவல் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தராசில் நிறுத்தினார், சிறகை விரித்தார். "பிரமாதம்," என்றார். "இந்த மாதிரி நிறம் நான் பார்த்துப் பல வருஷம் ஆச்சு. பெட்டை எங்க?"

தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இல்லைங்க. ரெண்டும் சேவலாப் போச்சு."

"வேற முட்டை?"

"கிடைக்கலைங்க. வயசான கோழி."

நடுவர் உச்சுக் கொட்டினார். பாவம் என்றார். அட்டையில் 'மிக நன்று' என்று இரண்டு தடவை எழுதினார். அதற்குக் கீழே, 'ஜோடி இல்லை. பட்டியலிலிருந்து நீக்கம்' என்று எழுதிச் சோதித்தவர் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். நான் கை தூக்கிய விதி. வாயைத் திறந்தேன், 'முட்டை இருந்துச்சுங்க, நான்தான் தின்னுட்டேன்' என்று சொல்லிவிடத்தான் திறந்தேன். தம்பி என் முழங்கையைத் தொட்டு, "போடுக்கா கையெழுத்த," என்றான். போட்டேன்.

நடுவர் அடுத்த வரிசைக்குப் போனார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழக்கோழி முட்டைதான், பாதிதான் பொரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் நாலு. நாலில் ஒன்றுகூடவா பெட்டையாக இருந்திருக்காது? ஒன்றே ஒன்று போதுமே. இனிமேல் இந்த இரண்டையும் வேறு ஏதாவது பெட்டையோடு சேர்த்து, நான் எதைக் கலப்படம் என்று தூற்றினேனோ அதைத்தான் கெஞ்சிக் கெஞ்சி வளர்க்க வேண்டும். அதில் எத்தனை தலைமுறையை நான் பார்க்கப்போகிறேன்?

எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் திரும்பியது. என் குணம் அப்படி, யார் மேலாவது திரும்பினால்தான் அடங்கும்.

"ரெண்டோட ஏண்டா நிறுத்தின?" என்றேன். "பதினஞ்சாம் நாள், பதினேழு, பத்தொன்பது, இருபத்தொண்ணு, இன்னும் நாலு இட்டாளே! நான்தான் கூறுகெட்டவ. உனக்கு விஷயம் தெரியும்ல? அதையும் எடுத்து வச்சிருக்கலாம்ல?"

அவன் கூண்டுக் கதவைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை மாட்டினான்.

"நீ எண்ணுவியே," என்றான். "ரெண்டு தடவை இடலைன்னு சொன்னதுக்கே நீ நேரா மாடிக்கு வந்து பொட்டிக்குள்ள வைக்கோலைக் கிளறிப் பார்த்த. மூணாவதும் எடுத்திருந்தா கண்டுபிடிச்சிருப்ப. நீ கத்த ஆரம்பிச்சா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பயமா இருந்துச்சுக்கா, அதான் விட்டுட்டேன்."

"என்கிட்ட என்னடா பயம்? இத்தனை வயசுக்கு மேலயா?"

"இப்ப மட்டுமா," என்றான். சண்டைக்குச் சொல்கிறவன் குரல் இல்லை அது. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிறவன் குரல். "சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போய்விட்டான். அம்மா வேலைக்குப் போன நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். நான் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். இத்தனை வருஷமும் அதை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.